சிறு புல்டோஸரில் கழன்ற சங்கிலியை மீண்டும் ஏற்றும் முறை

மேடு பள்ளமான புன்செய்யைச் சமன் செய்வதற்கும், பண்ணைக்குட்டை வெட்டுவதற்கும், வேலிக்காத்தான் மண்டிய தரிசை மீட்பதற்கும் சிறு புல்டோஸர் பேருதவி புரிகின்றது. பலர் கூடிப் பல நாள் செய்யும் மண்வேலையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆயினும், அதன் சங்கிலி கழன்றுவிட்டால் அந்த யந்திரம் நகராத இரும்புப் பாறையாகிவிடுகின்றது. மணிக்கணக்கில் வாடகை பேசிய குடியானவருக்கு வேலை நின்றுபோகின்றது. மழை இறங்குமுன் நிலம் முடிய வேண்டுமென்றிருந்தால் ஒரு பட்டமே தவறவும் கூடும். இவை ஈடு செய்யக்கூடிய நஷ்டங்கள். அவசரத்தில் பற்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் இடையே அகப்பட்ட விரல்களுக்கோ ஈடு கிடையாது. ஆகையால், கழன்ற சங்கிலியை ஏற்றும் முறையை யந்திரம் ஓட்டுபவர் மட்டுமன்றி, அதனை வாடகைக்கு எடுக்கும் நிலமுடையவரும் அறிந்திருத்தல் நலம்.

சங்கிலிச் சக்கரம் ஏன் வந்தது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஸ்டாக்டன் நகருக்கு அருகே, ஆற்றுமுகத்து மக்கு நிலங்களில் கனத்த நீராவி டிராக்டர்களின் சக்கரங்கள் புதைந்துபோயின. சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கியும் போதவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரங்களை நீக்கிவிட்டு, மரக்கட்டைகள் பொருத்திய சுழல் சங்கிலியை அமைத்து, 1904-ம் வருஷம் நவம்பர் மாதம் ஓட்டிப் பார்த்தார். பாரம் அகன்ற பரப்பில் பரவியதால் யந்திரம் புதையாமல் ஓடிற்று. ஹோல்ட் கம்பெனியும் பெஸ்ட் கம்பெனியும் 1925-ல் ஒன்றுசேர்ந்து காட்டர்பில்லர் கம்பெனியாயின.

இந்தியாவில் 1947-ல் ஏற்பட்ட மத்திய டிராக்டர் ஸ்தாபனம், யுத்தத்தில் மிஞ்சிய ராணுவ டிராக்டர்களைக் கொண்டு, ஆழ வேரோடும் காஞ்சுப் புல் மண்டிய நிலங்களை உழுது மீட்கத் தொடங்கிற்று. அவ்வேலைக்கு வேண்டிய புது யந்திரங்களுக்கென 1949-ல் உலக பாங்கு ஒரு கோடி டாலர் கடன் அளித்தது. இன்று தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோஸர்களைக் குடியானவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றது. யந்திரங்கள் எவ்வளவோ மாறியிருப்பினும், சங்கிலியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. அது கழலும் காரணங்களும் மாறவில்லை.

சங்கிலியின் அமைப்பு

இரு வரிசைக் கண்ணிகள் ஊசிகளாலும் அவற்றைச் சூழ்ந்த புஷ்களாலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. கண்ணிகளின் வெளிப்புறத்தில் தரையைப் பற்றும் இரும்புத் தகடுகள் முடுக்கப்பட்டுள்ளன. சிறு யந்திரங்களில் சாதாரணமாய்ப் பின்புறம் உள்ள பற்சக்கரத்தின் பற்கள் புஷ்களைப் பற்றிச் சங்கிலியை இழுக்கின்றன. முன்புறத்தில் பல்லில்லாத முன்சக்கரம் ஒன்று உண்டு. அதன் நடு விளிம்பு இரு கண்ணி வரிசைகளுக்கும் இடையே பொருந்தி ஓடும். கீழ் உருளைகள் யந்திரத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. முன்சக்கரத்தை முன்னே தள்ளிச் சங்கிலியை விறைப்பாக வைப்பது இறுக்கும் கருவி. பழைய யந்திரங்களில் இது திருகாணியாயிருந்தது. பிற்காலத்தவற்றில் கிரீஸ் அழுத்தத்தால் இயங்கும் உருளைக் கருவியாயிருக்கின்றது. அதனோடு சேர்ந்து, அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுருள்வில் ஒன்றும் உண்டு.

கழலுவதற்குக் காரணங்கள்

சங்கிலி காரணமின்றிக் கழலுவதில்லை. முதற் காரணம் தளர்ச்சி. ஊசியும் புஷ்ஷும் தேயத் தேயச் சங்கிலி நீண்டு தொய்கின்றது. தொய்ந்த சங்கிலி, திரும்பும்போது முன்சக்கரத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். இரண்டாவது, இடையே புகும் பொருள்கள். வேலிக்காத்தான் தூரையோ கல்லையோ சங்கிலி வாரி எடுத்துப் பற்சக்கரத்தில் கொடுத்தால், அது கண்ணிகளைப் பற்களின்மேல் ஏற்றிவிடும். ஈரக் களிமண்ணும் பற்களின் இடையே கெட்டித்து அதே தீங்கைச் செய்யும். மூன்றாவது, ஓட்டும் விதம். சரிவில் குறுக்காக ஓட்டும்போதும், பின்னோக்கிச் செல்லுகையில் வெடுக்கெனத் திருப்பும்போதும், சங்கிலியின்மேல் பக்கவாட்டு இழுப்பு அதிகமாகின்றது. நான்காவது, முன்சக்கரமும் பற்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமை. இது தேய்மானத்தினாலோ அடிபட்டதினாலோ நேரும்.

காரணத்தைக் கண்டு நீக்காமல் சங்கிலியை மட்டும் ஏற்றினால், அது மாலைக்குள் மறுபடியும் கழலும்.

முதலில் செய்ய வேண்டியது

சங்கிலி விளிம்பில் ஏறியதும் கடகடவென்ற ஓசை கேட்கும். யந்திரம் ஒரு பக்கமாய் இழுக்கும். அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இச்சமயத்தில்தான் பெரும்பாலான கேடுகள் விளைகின்றன. நிலமுடையவர், "இன்னும் ஒரு தரம் முன்னால் எடுத்துப் பாருங்களேன், டிரைவர், தானே ஏறிவிடும்" என்பார். அதற்கிணங்கி முன்னே ஓட்டினால், பாதி கழன்ற சங்கிலி முழுதும் கழலும், கண்ணிகள் முறுக்கிக்கொள்ளும், பற்கள் சிதையும். அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

நிறுத்திய பின், பிளேடைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பூட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி முன்சக்கரத்தில் கழன்றதா, பற்சக்கரத்தில் கழன்றதா, உட்புறமாகவா வெளிப்புறமாகவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மண், கல், வேர் யாவற்றையும் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் முற்றிலும் அகற்ற வேண்டும். கெட்டித்த மண் சங்கிலியின் தளர்வு முழுவதையும் தின்றுவிடுமாதலால், இதனைச் செய்யாமல் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண்.

சிற்சில கண்ணிகள் மாத்திரம் விலகி, மற்றவை பொருந்தியிருந்தால், கழன்றபோது ஓடிய திசைக்கு எதிர்த் திசையில், திருப்பாமல் நேராக, மிக மெதுவாக ஓரடி தூரம் நகர்த்திப் பார்க்கலாம். ஒரு தரம் போதும். ஏறாவிடில் மீண்டும் முயலலாகாது.

தளர்த்துதல்

சங்கிலி பலத்தினால் ஏறுவதில்லை, தளர்வினால் ஏறுகின்றது. இதுவே இவ்வேலையின் மூலதத்துவம்.

கிரீஸ் கருவியுள்ள யந்திரங்களில், விடுவிக்கும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்கலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் பேரழுத்தத்தில் இருக்கின்றது. முகத்தையோ கையையோ வால்வுக்கு நேரே வையாமல், ஒரு பக்கமாய் நின்று மெல்லத் திருக வேண்டும். பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே தெரியும் காயம் முள் குத்தியது போல அற்பமாயிருப்பினும், உள்ளே தசை அழிந்துவிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காலம் போக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கிரீஸ் வெளிவராவிடில் வால்வைக் கழற்றிப் பார்ப்பது பெருந்தவறு. முன்சக்கரம் மண்ணில் இறுகியிருக்கக்கூடும். அதனைச் சுற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் இளகும்.

திருகாணி அமைப்பாயின், துருவை நீக்கி எண்ணெயிட்டு ஆணியைத் திருகித் தளர்த்தலாம். எவ்வகை யந்திரமாயினும், சுருள்வில்லை வயலில் வைத்துப் பிரிக்கவே கூடாது. அது அமுக்கிவைக்கப்பட்ட வில். விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

தூக்கி நிறுத்துதல்

கழன்ற பக்கத்தைத் தரையினின்று சிறிது தூக்க வேண்டும். பிளேடின் கீழ்க் கட்டையை வைத்து அழுத்தினால் முன்புறம் எழும். பின்புறத்துக்கு ஜாக்கி வேண்டும். புதுமண்ணில் ஜாக்கி புதையுமாதலால், அதன்கீழ் ரயில் சிலீப்பர் போன்ற கனத்த கட்டைகளைப் பரப்ப வேண்டும். தூக்கியதும், சட்டத்தின்கீழ் கட்டைகளைக் குறுக்கு நெடுக்காய் அடுக்கிப் பாரத்தை அவற்றின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியையோ, பிளேடைத் தாங்கும் எண்ணெய் அழுத்தத்தையோ நம்பி எவரும் கீழே கை நீட்டலாகாது. தரையிலுள்ள மறுபக்கச் சங்கிலிக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுப்பது அவசியம். சரிவில் நின்ற யந்திரமாயின், இம்முட்டுகளை எல்லாவற்றிற்கும் முன்பாகவே கொடுத்தாக வேண்டும்.

ஏற்றுதல்

முதலில் பற்சக்கரத்தில் சங்கிலியைப் பொருத்தி, பல் ஒவ்வொன்றும் புஷ்களுக்கு இடையே அமர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு முன்சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். சங்கிலி, சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில்தான் வழிப்படுத்தப்பட வேண்டும். வெளியேறும் இடத்தில் நெம்பிப் பயனில்லை. யந்திரம் முன்னோக்கி ஓடும் திசையில் சுழற்றினால், சங்கிலி முன்சக்கரத்தில் மேற்புறமாக நுழைகின்றது. பின்னோக்கிச் சுழற்றினால் கீழ்ப்புறமாக நுழைகின்றது. எந்தப் பக்கத்தில் தளர்வும் நெம்ப இடமும் மிகுதியோ, அதற்கேற்பத் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கும்போதே, நீண்ட கடப்பாரையால் நெம்பியோ, கைவின்ச்சினால் பக்கவாட்டில் இழுத்தோ, ஓரிரு கண்ணிகளை விளிம்பின்மேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். பின்னர்க் கடப்பாரையை எடுத்துவிட்டு, யாவரும் விலகி நிற்க வேண்டும். ஓட்டுபவர் எஞ்சினை மெதுவோட்டத்தில் வைத்து, தூக்கிய பக்கத்துச் சங்கிலியை மட்டும் ஒரு கண்ணி தூரம் நகர்த்தி நிறுத்த வேண்டும். மறுபடியும் எஞ்சினை அணைத்து, பார்த்து, நெம்பி, விலகி, நகர்த்த வேண்டும். இப்படி நாலைந்து தரம் செய்தால், சங்கிலி தானே விளிம்பில் அமரும். நுழையும் இடமே நசுக்கும் இடமுமாதலால், சுழலும்போது கையோ காலோ கடப்பாரையோ அங்கே இருத்தல் ஆகாது. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஓட்டுபவர் அவரைத் தவிர வேறெவர் சொல்லையும் கேட்கலாகாது.

முற்றிலும் கழன்றதாயின்

சங்கிலி முழுதும் கழன்று முறுக்கிக் கிடந்தால், இணைப்பைப் பிரிப்பதே சுருக்கமான வழி. ஒவ்வொரு சங்கிலியிலும் பிரிப்பதற்கென அடையாளமிட்ட தலைமை ஊசி ஒன்றோ, ஆணிகளால் முடுக்கிய இருதுண்டுக் கண்ணியோ இருக்கும். ஊசியைச் சம்மட்டியால் அடித்து நீக்குகையில் எஃகுச் சில்லுகள் தெறிக்குமாதலால், கண்ணாடி அணியாமல் அடிக்கலாகாது. சிறு யந்திரத்தின் சங்கிலியும் சில நூறு கிலோ எடையுள்ளது. பிரியும்போது சரிந்து விழும் பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. பிரித்த சங்கிலியை முறுக்கு நீக்கி, உருளைகளுக்கு நேரே தரையில் நீட்டி, யந்திரத்தை அதன்மேல் நகர்த்தி, பின்நுனியைப் பற்சக்கரத்தின்மேல் கொடுத்து முன்னே இழுத்து, முன்சக்கரத்தருகே இணைக்க வேண்டும். முறுக்குவதற்குமுன், தகடுகளின் பற்றும் விளிம்பு சரியான திசையில் இருக்கின்றதா என்று ஒருமுறை பார்ப்பது நன்று.

விறைப்பின் அளவு

ஏற்றிய பின் கிரீஸ் செலுத்தி இறுக்க வேண்டும். மேல் உருளைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, சங்கிலி எவ்வளவு தொய்கின்றதென்று அளக்கலாம். பல சிறு யந்திரங்களுக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை ஏற்றதாகும். எனினும் அந்தந்த யந்திரத்தின் கைப்புத்தகம் கூறுவதே பிரமாணம். கழன்றதே என்று அஞ்சி மிகவும் இறுக்கினால், ஊசியும் புஷ்ஷும் விரைந்து தேய்ந்து, சங்கிலி முன்னிலும் சீக்கிரமாய் நீளும். சேற்று நிலத்தில் மண் அடைந்து தானே இறுகுமாதலால், வேலை நடக்கும் நிலத்திலேயே, அந்த மண்ணோடேயே அளந்து சரி செய்ய வேண்டும். எவ்வளவு கிரீஸ் செலுத்தியும் விறைக்காவிடில், கருவி கசிகின்றதென்றோ, சங்கிலியின் ஆயுள் முடிந்ததென்றோ அறியலாம். இறுதியில், கட்டைகளை நீக்கி, முன்னும் பின்னும் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, மீண்டும் அளந்த பின்னரே மண்ணைத் தள்ளத் தொடங்கலாம்.

வருமுன் காத்தல்

வேலை முடிந்த மாலையிலேயே சங்கிலியின் மண்ணை அகற்றிவிட்டால், இரவில் அது காய்ந்து கல்லாவதில்லை. காலையில் தொய்வையும் ஆணிகளையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். வேலையில் அகலமாய்த் திரும்புதல், இரு பக்கமும் மாறி மாறித் திரும்புதல், சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுதல் ஆகியவை ஓட்டுபவரின் கடமை. தோண்டிய தூர்களையும் கற்களையும் யந்திரம் செல்லும் வழியினின்று அப்புறப்படுத்துதல் நிலமுடையவரின் கடமை. கடப்பாரை இரண்டு, சம்மட்டி, ஜாக்கி, கனத்த கட்டைகள், கைவின்ச், கிரீஸ் துப்பாக்கி, கண்ணாடி ஆகியவற்றை யந்திரத்தோடு எப்போதும் அனுப்பினால், ஊர் ஊராய்ச் சென்று இரவல் தேடும் சிரமம் இராது.

வாடகைக் கணக்கில் ஒரு மணி நேரம் வீணாகின்றதே என்று நிலமுடையவர் மனம் பதைப்பது இயல்பு. ஆனால், அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுமையாய் அளித்தால், யந்திரம் அன்றே மீண்டும் ஓடும். ஓட்டுபவரும் இரு கைகளுடன் வீடு திரும்புவார்.