கொடுக்கில் இருக்கும் சுருள்

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுப் பக்கத்துக் காடுகளில் காணி மக்கள் மலைத்தேன் எடுக்கிறார்கள். அடையில் கை வைக்குமுன் புகை போட்டுத் தேனீக்களை விலக்குவது எதற்கென்று, ஒரு கொட்டு வாங்கியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடுப்புக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற சின்னஞ்சிறு புரதம். உலர்ந்த தேனீ நஞ்சின் எடையில் ஏறக்குறையப் பாதி அதுதான். புரதச் சுருளில் தண்ணீரின் வேலை என்ன என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இன்னொரு புரதத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. அவற்றில் இருபது வகை. கோக்கும் முதுகுத்தண்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதான் மாறும். லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றின் கிளைகளில் மின்னேற்றம் உண்டு. தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். லியூசின், வாலின், ஐசோலியூசின் ஆகியவற்றின் கிளைகளோ வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், எண்ணெயைப் போல. முதல் வகையை நீர்விரும்பி என்கிறோம், இரண்டாவதை நீர்விலக்கி.

உண்மையில் விலகிப்போகும் ஆசை எண்ணெய்க்குக் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நொடிக்கு நொடி ஆள் மாறிக்கொண்டே இருப்பவை. நடுவே எண்ணெய்க் கிளை ஒன்று வந்துவிட்டால் அதைப் பற்ற வழியில்லை. அதைச் சுற்றி ஒழுங்காக நிற்க வேண்டியதாகிறது, சுதந்திரம் குறைகிறது. எண்ணெய்க் கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒதுங்கினால், கட்டுண்டிருந்த தண்ணீர் விடுபடும். புரதங்கள் மடிவதற்கு இது பெரிய உந்துசக்தி என்று வால்டர் காவ்ஸ்மன் 1959-இல் வலியுறுத்தினார்.

மெலிட்டினில் 26 அமினோ அமிலங்கள். பெட்டியில் வளர்க்கும் மேலைத் தேனீயின் மெலிட்டினில் 2, 5, 6, 9, 13, 16, 17, 20 ஆகிய எட்டு இடங்களிலும் லியூசின், வாலின், ஐசோலியூசின் மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. தாளில் பார்த்தால் தாறுமாறான எண்கள். ஆனால் சங்கிலி ஆல்ஃபா சுருளாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 3.6 அமிலங்கள்; அதாவது ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 100 பாகை திரும்பி நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த எட்டும் 140 பாகைக்கும் 260 பாகைக்கும் இடையே, வட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. 7-ஆம் இடத்து லைசினும், 10, 11-ஆம் இடத்துத் திரியோனின்களும், 18-ஆம் இடத்துச் செரினும், 21-ஆம் இடத்து லைசினும் ஆகிய நீர்விரும்பிகள் எதிர்ப்பக்கம். ஒரு பென்சிலில் நூலைச் சுற்றி, நூலில் மூன்றாவது நான்காவது இடமாக மாற்றி மாற்றி மை வைத்தால் புள்ளிகள் நெடுக ஒரே பட்டையாகச் சேருவதை நீங்களே பார்க்கலாம். ஒரு முகம் எண்ணெய், மறு முகம் தண்ணீர்.

இந்தச் சுருளின் வடிவத்தை 1951-இல் முன்வைத்தவர்கள் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும். சங்கிலி எப்படியெல்லாம் திரும்பலாம், எங்கே அணுவோடு அணு இடிக்கும் என்று முழுவதுமாகக் கணக்கிட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம். 1963-இல் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட கட்டுரை அது. ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்; ஆனால் அவர் பெயரின் 'ஜி', பத்தமடைக்குப் பக்கத்தில் இருக்கும் கோபாலசமுத்திரம். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், அது சரியா என்று பார்க்க, அந்தக் கணக்கிலிருந்து பிறந்த ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அணுக்கள் இடிப்பதால் வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமை. அனுமதிக்கப்பட்ட சில திட்டுகளில் ஒன்றில் ஆல்ஃபா சுருள் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, சுருள முடியுமா என்பதை வடிவக் கணிதம் சொல்கிறது. சுருண்டபின் எந்த முகம் எங்கே பார்க்கும் என்பதைத் தண்ணீர் சொல்கிறது. மெலிட்டின் இரண்டு விதமாக இதற்குக் கீழ்ப்படிகிறது. செறிந்த கரைசலில் நான்கு சுருள்கள் எண்ணெய் முகங்களை உள்ளே வைத்து ஒன்றுகூடி நிற்கும். நீர்த்துப்போனால் பிரிந்து, சுருளும் குலைந்து தனித்தனியாக அலையும். அப்படி அலைவது நம் செல் ஒன்றின் சவ்வைத் தொட்டால் கதை மாறும். சவ்வின் உட்பகுதி கொழுப்பு. சங்கிலி மறுபடி சுருண்டு, எண்ணெய் முகத்தைக் கொழுப்பில் புதைத்து, நீர் முகத்தை வெளியே காட்டிப் படுத்துக்கொள்ளும். முதுகுத்தண்டில் இருக்கும் நீர்விரும்பிப் பகுதிகள் சுருளுக்குள் தங்களுக்குள்ளேயே, நான்கு இடம் தள்ளி இருக்கும் அமிலத்தோடு பிணைந்துகொள்வதால் கொழுப்புக்குள் போவதில் சிரமமில்லை. வாலில் இருக்கும் லைசின்-ஆர்ஜினின் கூட்டம் சவ்வின் எதிர்மின்னேற்றத்தைப் பற்றிக்கொள்ள உதவும். நிறையச் சுருள்கள் சேர்ந்தால் சவ்வில் ஓட்டை விழும். சிவப்பணு வெடிக்கும், நரம்பு அலறும். மலைத்தேனீக் கூட்டம் கலைந்து ஒருவரை நூற்றுக்கணக்கில் கொட்டினால் சிறுநீரகம்கூடச் செயலிழக்கலாம். சுண்ணாம்பு தடவிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே ஓர் அமிலம் பக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் தன்மை இருப்பதாக லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் நேரும் மாற்றம் அது. ஹீமோகுளோபினும் பெரும்பாலும் ஆல்ஃபா சுருள்களால் ஆனது: எண்ணெய் முகங்கள் உள்ளே, நீர் முகங்கள் வெளியே. அதன் பீட்டா சங்கிலியின் 146 அமிலங்களில் ஆறாவது, வெளிப்பக்கம் நிற்கும் குளுடாமிக் அமிலம். அந்த இடத்தில் வாலின் வந்துவிட்டால், தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டிய முகத்தில் ஓர் எண்ணெய்த் திட்டு. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் அந்தத் திட்டு பக்கத்து மூலக்கூறின் எண்ணெய்க் குழியில் போய்ப் பொருந்துகிறது. ஒன்றோடு ஒன்று, அதனோடு இன்னொன்று என்று நீண்ட சரமாகிச் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கிறது. இன்று அரிவாள் செல் நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, கருவில் இருந்தபோது உருவான வகை ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. அந்த ஹீமோகுளோபின் இந்தச் சரத்தில் எளிதாகச் சேராது.