ஏடு நடத்திய நம் முன்னோர்: தேடிப் படிக்க வேண்டிய சில நூல்கள்

"அம்பேத்கர் வந்த பிறகுதான் இவர்களுக்கு வாயே திறந்தது" என்ற பேச்சை ஊர்ப்புற டீக்கடைகளில் இன்றும் கேட்கலாம். சொல்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதை நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம். அம்பேத்கர் பிறந்தது 1891இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1869இல், சென்னையில் ‘சூரியோதயம்’ என்ற இதழை நம்மவர்கள் நடத்தியிருக்கிறார்கள்.

மாவட்டந்தோறும் அரசே புத்தகக் காட்சி நடத்தும் காலம் இது. அரங்கு அரங்காகச் சுற்றிவிட்டு எதை வாங்குவது என்று தெரியாமல் திரும்பும் மாணவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக வரலாறு, வாழ்க்கை வரலாறு, நாவல் என மூன்று வகையிலும் சில நூல்களை இங்கே சொல்கிறோம். சில புதியவை, சில பழையவை. இதுவரை படிக்காதவருக்குப் பழைய நூலும் புதிய நூல்தான்.

கிடைக்காமல் போன இதழ்கள்

முதலில் ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’. 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்த ஆய்வு நூல் இது. பஞ்சமன், மகாவிகடதூதன், பறையன், பூலோகவியாசன், தமிழன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூடக் கையில் இல்லை. வேறு இதழ்களில் வந்த குறிப்புகளைக் கொண்டுதான் அப்படி ஓர் இதழ் இருந்ததென்றே அறிய முடிகிறது. நம்மவர்கள் எழுதினார்கள், எழுதியதைப் பாதுகாக்க யாரும் இல்லை. இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளவாவது இந்நூலைப் படிக்க வேண்டும்.

அந்த இதழ்களில் பெரும்பெயர் பெற்றது அயோத்திதாசப் பண்டிதரின் ஏடு. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கி, பிறகு ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்தது. அவ்வெழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. எழுதியவர் மறைந்து 85 ஆண்டு கழித்துத்தான் அந்தத் தொகுப்பு வந்தது என்பதைக் கவனியுங்கள். பண்டிதரின் தமிழ் பழைய நடை. நேரே அதில் இறங்கினால் மாணவருக்குக் கடினம். ஸ்டாலின் ராஜாங்கம் எழுதிய ‘பெயரழிந்த வரலாறு’ நூலை முதலில் படித்தால் வழி தெரியும். பண்டிதரோடு இயங்கி, பின்னர் பெயர் மறைந்துபோன பலரை அந்நூல் அடையாளம் காட்டுகிறது.

ஒரே மாலையில் படிக்கக்கூடிய வாழ்க்கை

வாழ்க்கை வரலாறு என்றாலே தடித்த புத்தகம் என்று பயப்பட வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கையைத் தாமே ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று 1939இல் எழுதினார். ஒரே மாலையில் படித்துவிடலாம். பள்ளிப் பாடத்தில் இரண்டொரு பத்தியில் வந்துபோகும் அந்த மனிதர் எத்தனை வேலை செய்தார் என்று இதில் காணலாம். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே ஏட்டின் தலைப்பாக வைத்தார். உயர் அதிகாரிகளுக்கான சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அப்பதவிகள் எல்லாம் மேல்சாதியார் கைக்கே போகும் என்று அஞ்சி, பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. அதில் 3,412 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்று அவரே குறிப்பிடுகிறார்.

பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் அவரே. பின்னர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார். சென்னையில் நம்மவர் தொடங்கிய வேலையும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வேலையும் ஒரே மேசையில் சேர்ந்த இடம் அது.

அம்பேத்கரைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள், அவரே எழுதிய ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலிலிருந்து தொடங்கலாம். சிறுவனாக ரயிலை விட்டு இறங்கி, சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததையும், வெளிநாட்டில் பெரிய படிப்பு படித்து வந்த பிறகும் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டதையும் சில பக்கங்களில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் பெரிய நூலைப் படிக்கும் பழக்கமுள்ள கல்லூரி மாணவர்கள் அசோக் கோபால் எழுதி 2023இல் வந்த ‘எ பார்ட் அபார்ட்’ நூலைத் தேடலாம்.

நாவல்கள் காட்டும் வீடும் தெருவும்

சட்டமும் மனுவும் சொல்லாததை நாவல் சொல்லும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிரிக்கும் சிறுமிக்கு, அதன் காரணத்தை அண்ணன் விளக்குகிற இடம் ஒன்று போதும். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமனும் எழுத்தாளர்தான், 2024இல் காலமானார். அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’, கிறித்தவத் தலித் குடும்பத்து இளைஞன் ஒருவன் விடுதியில் தங்கிப் படித்து, வேலைக்கு அலைகிற கதை. வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். பிறகு யோசிக்க வைக்கும். ஒரே வீட்டிலிருந்து வந்த இந்த இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம்மிடையே பெரிய விவாதம் எழுந்தது. சேரிக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. நம்மை மற்றவர் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கும் நாம், நமக்கும் கீழே வைத்தவர்களை எப்படி நடத்தினோம் என்று அந்நாவல் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ இன்னொரு முக்கியமான நூல். நெல்லைச் சீமையிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கருப்பனும் வள்ளியும் கடனிலும் காய்ச்சலிலும் படும் பாட்டைச் சொல்கிறது. ‘பரதேசி’ படம் இதைத் தழுவி வந்ததுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உள்ள ஊர்களில் இது பழங்கதையாகத் தோன்றாது.

நூலகத்தில் கேளுங்கள்

இவ்வளவு நூலையும் விலை கொடுத்து வாங்கக் கூலி வேலைக்காரர் வீட்டில் முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. ஓலைவீட்டுக்காரரும் மாடிவீட்டுக்காரரும் கட்டுகிற வரி அது. ஆகவே கிளை நூலகத்தில் நமக்கு வேண்டிய நூலைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து நூலின் பெயர், எழுதியவர் பெயர் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டு நூலகரிடம் கொடுங்கள். ஒரு நகலை மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்புங்கள். 3,412 கையெழுத்து வாங்கியவர்களின் வழிவந்தவர்களுக்குப் பத்துக் கையெழுத்து பெரிய காரியமா?

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் தெருவில் வயதானவர்களின் டிரங்குப் பெட்டியில் பழைய சங்க நோட்டீசு, பாதைக்கும் சுடுகாட்டுக்கும் கொடுத்த மனுவின் நகல், இரவுப் பள்ளி நோட்டு ஏதாவது கிடக்கலாம். கறையான் அரிப்பதற்கு முன் அதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கொடுத்தவர் பெயரையும் ஆண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். பழைய இதழ்களுக்கு நேர்ந்த கதி நம் தெருக் காகிதங்களுக்கும் நேர வேண்டாம்.