வசூலுக்குப் போகும் வண்டிக்கு சீட் மாற்றுகிறீர்களா?

நம் வணிகர்களில் பலருக்கு வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில்தான் கழிகிறது. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் ஊராக ஆர்டர் எடுத்து, பழைய பாக்கியை வசூலித்துத் திரும்பினால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. மறுநாள் கல்லாவில் உட்கார முடியாமல் இடுப்பு வலிக்கிறது. டயர் தேய்ந்தால் உடனே மாற்றும் நாம், சீட் அமுங்கிப் போனதைக் கவனிப்பதே இல்லை.

சீட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அடித்தகடு கையில் தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

புது சீட் வாங்கப் போகும்போது நாம் செய்யும் முதல் தவறு, மெத்தென்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கடையில் உட்கார்ந்தபோது பஞ்சு மெத்தை போலிருந்த சீட், இரண்டே மாதத்தில் பலகையாகிவிட்டது. உட்காரும்போது நம் எடையைப் பெரும்பாலும் தாங்குபவை இடுப்புக்கூட்டின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். மிருதுவான ஃபோம் அந்த இரண்டு இடத்திலும் முழுவதும் அமுங்கிவிடும். ஆகவே சற்று விறைப்பாகவும், பின்பக்கம் அகலமாகவும் உள்ள சீட்டே நெடுந்தூரத்துக்கு ஏற்றது.

ஃபோமின் தரத்தை அறிய நம் தராசே போதும். '40 டென்சிட்டி' என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று கணக்கு. 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனம் உள்ள துண்டு 360 கிராம் நிற்க வேண்டும். 250 கிராம்தான் நிற்கிறது என்றால் அது 28 டென்சிட்டி சரக்கு, சீக்கிரம் அமுங்கும். ஆனால் எடையை மட்டும் நம்பிவிடக் கூடாது. வெட்டுத்துண்டுகளை ஒட்டிச் செய்த ஃபோம் எடை அதிகம் நிற்கும். உட்கார்ந்தால் கட்டை போலிருக்கும். அதை அடியில் ஓர் அடுக்காக மட்டும் வைக்கலாம்.

அடுத்தது உயரம். பின்னால் எண்ணெய் டின்னோ மூட்டையோ இருக்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். சீட்டை உயர்த்தினால் முன்பகுதியை ஒடுக்கித் தைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் சரிவாக இருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் டாங்க் மீது சரிவோம். எடை தாங்கும் இடத்தில் தையல் வரக் கூடாது. அது உறுத்தும், மழைநீரும் இறங்கும். கறுப்பு ரெக்சின் வெயிலில் கொதிக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியைக் கழற்ற அனுமதிக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி அதைக் கட்டாயமாக்கியுள்ளது.

ரெடிமேட் சீட் வாங்கினால் மாடலும் ஆண்டும் சொல்லி, பூட்டும் கொக்கியும் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். அடித்தகடு நன்றாக இருந்தால் ஃபோமும் ரெக்சினும் மட்டும் மாற்றுவது சிக்கனம். எதுவானாலும் பில் வாங்குங்கள். அரைமணி நேரம் ஓட்டிய பிறகு குறை தெரிந்தால் திருத்தித் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை பழைய சீட்டை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

எவ்வளவு நல்ல சீட்டானாலும் மணிக்கொரு முறை இறங்கி நாலு எட்டு நடப்பது நல்லது. வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கடைக்கு ஆள் வைக்கலாம். இடுப்புக்கு ஆள் வைக்க முடியாது!