விமானி ஆசனத்தில் யார்?

1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை பிரித்தானிய விமானப்படையின் 261 ஆவது அணியின் ஹரிக்கேன்கள். அவற்றில் ஒன்றைத்தான் றிமோட்டில் பறக்கும் மாதிரியாக, ஆறில் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். இறக்கை முனைக்கு முனை இரண்டு மீற்றர்.

விமானிப் பொம்மைதான் சிக்கல். விற்பனைக்கு வருபவை பல, இங்கிலாந்துக் குளிருக்கான செம்மறித்தோல் அங்கி அணிந்தவை. திருகோணமலை வெயிலுக்கு அது பொருந்தாது. ஆறடி மனிதன் இந்த அளவில் 30 சென்ரிமீற்றர். அந்த உயரப் பொம்மையொன்றை வாங்கி, பாரம் குறைக்க இடுப்போடு வெட்டி, காக்கிச் சட்டை தைத்துப் போட்டேன்.

பதுங்குகுழிக்குள் வளர்ந்தவன் நான். விமான இரைச்சல் தெரியும். ஓட்டியவரின் முகம் தெரியாது. அதனால்தான் அந்த ஆசனத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை.