ஸ்ரற்போர்ட் நாடக விழா: பழகிய ரசிகர்களுக்குப் பயணம் தேறுமா?

ரொறன்ரோவிலேயே வருடம் முழுக்க நாடகம் நடக்கிறது. பிறகேன் இரண்டு மணி நேரம் கார் ஓடி ஸ்ரற்போர்ட்டுக்குப் போகவேண்டும்? நாடகம் பார்த்துப் பழகிய நண்பர்கள் கோடை தொடங்கினால் எங்களிடம் கேட்பது இதைத்தான். ரிக்கற், பெற்றோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் நியாயமான கேள்வி. ஒரு நாடகத்துக்கென்றால் போகவேண்டாம் என்றே நாங்களும் சொல்லுவோம். இரண்டென்றால் கணக்கு மாறுகிறது.

காரணம், அங்குள்ள சுழற்சி முறை. ஒரே குழு, வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை பல நாடகங்களை மாறிமாறி ஆடுகிறது. மதியம் அரசனாக நின்றவர் இரவு இன்னொரு நாடகத்தில் மூன்று வசனம் பேசும் வேலைக்காரனாக வரலாம். குரலில் எதைக் கூட்டினார், நடையில் எதை விட்டார் என்று அந்த நடிகரைத் தொடர்ந்து பார்க்கலாம். புதிதாக நாடகம் பார்ப்பவருக்கு இது பெரிதாகப் படாது. ஹம்லெற்றை நாலு தரம் பார்த்தவருக்குத்தான் இதில் ருசி.

தொடக்கமே அப்படித்தான். ரயில் எஞ்சின் திருத்தும் பட்டறையை நம்பியிருந்த ஊர் அது. பட்டறை தளரத் தொடங்கியபோது, அவ்வூரில் பிறந்த பத்திரிகையாளர் ரொம் பற்றர்சன் நாடக விழா யோசனையோடு நகரசபைக்குப் போனார். பயணச் செலவுக்குக் கிடைத்தது 125 டொலர். (கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதலீடு கண்ணில் பட்டதில்லை.) 1953 கோடையில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு நாடகங்கள். அலெக் கின்னஸ் ஒன்றில் மூன்றாம் ரிச்சர்ட், மற்றதில் நோயாளியான பிரான்ஸ் அரசன். கூடாரம் 1957இல் நிரந்தர அரங்கமானது. மேடையின் மூன்று பக்கமும் பார்வையாளர்கள். ஏறத்தாழ 1,800 இருக்கைகள் இருந்தும், கடைசி வரிசை மேடையிலிருந்து 20 மீற்றருக்குள்தான்.

எங்களுக்கு இது அந்நியமில்லை. பகலில் மிளகாய்க்குத் தண்ணி இறைத்தவர்தான் ஊர்க்கூத்தில் இரவு முடி தரித்து வருவார். போன வருசம் மந்திரி, இந்த வருசம் ராசா என்று பாயில் இருந்த சனம் அவரை வருசக்கணக்காகப் பார்த்துவந்தது. இங்கு வந்தபின் ஒவ்வொரு நாடகத்திலும் தெரியாத முகங்கள். ஸ்ரற்போர்ட்டுக்கு மூன்றாம் முறை போனபோது, மேடைக்கு வந்த ஒரு கிழவரைக் கண்டதும் மகள் காதுக்குள் சொன்னாள்: "அப்பா, போன வருசத்துக் கோமாளி!"

எல்லாம் நல்லாயிருக்கும் என்றில்லை. அரங்கு நிறையவேண்டும் என்பதற்காகப் போடும் இசை நாடகங்களும் உண்டு. அவற்றை நகரத்திலேயே பார்க்கலாம். ரிக்கற் வாங்க முதல் இரண்டு நாடகங்களின் நடிகர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் அந்த நாளை எடுங்கள். மூன்று பக்க மேடை என்பதால் ஓர இருக்கையும் மோசமில்லை, விலையும் குறைவு. இரண்டு காட்சிகளுக்கும் இடையில் ஏவன் ஆற்றங்கரையில் இருந்து வீட்டுப் புட்டைச் சாப்பிடலாம். அங்கே நீந்தும் அன்னங்களிடமிருந்து மட்டும் பொதியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.