"இது யாருக்கும் தோன்றுமே!"

மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அன்பர்கள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். மேலே உள்ள ஒட்டுத்தாளை உரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். "இதில் என்ன அதிசயம்? யாருக்கும் தோன்றுமே!" என்போம்.

இந்த ஒரு கேள்விக்காக அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது!

பிஸ்கட் வழக்கு

இப்படித் திறந்து மூடும் பிஸ்கட் பாக்கெட்டுக்கு இன்டர்கான்டினென்டல் கிரேட் பிராண்ட்ஸ் என்ற கம்பெனி காப்புரிமை, அதாவது பேட்டண்ட், வைத்திருந்தது. கெல்லாக் கம்பெனி அதை மீறியதாக வழக்குத் தொடுத்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. பிஸ்கட்டைத் தாங்கும் தட்டு முன்பே உண்டு. திரும்ப ஒட்டும் தாளும் முன்பே உண்டு. இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்பது தீர்ப்பு.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். பாக்கெட் நன்றாக விற்றதையும், பிறர் அதைப் பார்த்துச் செய்ததையும் முடிவுக்கு வருமுன்பே சீர்தூக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நியாயம்தானே? விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் சுலபமே!

நம் சயனைடு மேடு

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் மட்டும் நிற்கின்றன. அரைத்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மண் அது. அந்த முறைக்கு 1887-ல் காப்புரிமை பெற்றவர்கள் கிளாஸ்கோ நகரத்து மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும்.

ஆனால் சயனைடில் தங்கம் கரையும் என்பதை எல்ஸ்னர் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் 1846-லேயே எழுதிவிட்டார். தங்கமுலாம் பூசுவோரும் அதை அறிவர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் நீதிமன்றம் 1896-ல் அங்கிருந்த காப்புரிமையை ரத்து செய்தது. இருந்தும், சுரங்கத் தொழிலில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் மக்கார்தர் குழுவினரே. எழுதியதற்கும் காப்புரிமைக்கும் இடையே 41 ஆண்டுகள்!

அளவுகோல் யார்?

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இதையே கேட்கிறது. அளவுகோல் மேதையுமல்ல, ஒன்றும் தெரியாதவருமல்ல. அந்தத் தொழிலில் தேர்ந்த ஆள். சுரங்க இயந்திரம் என்றால் கைதேர்ந்த ஃபிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இன்று தோன்றுகிறதா என்பதல்ல. விண்ணப்பம் போட்ட அன்று தோன்றியிருக்குமா என்பதே கேள்வி.

மிர்சாபூர் பாத்திரக் கம்பெனி ஒன்றின் கடைசல் இயந்திர வழக்கில், 1978-ல் சுப்ரீம் கோர்ட் காப்புரிமையைத் தள்ளியது. வெறும் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்பது அதன் சாரம்.

தங்கவயல் பட்டறைகளில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் அதை ஊருக்குக் காட்டுமுன் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போடட்டும். கர்நாடகமும் அதன் எல்லைக்குள்தான். தோற்றுப்போன முயற்சிகளையும் தேதியோடு குறித்து வைக்கட்டும். "இது யாருக்கும் தோன்றுமே" என்பவருக்கு அந்த நோட்டு பதில் சொல்லும்.