புவாசேயின் குழாயில் ஓடாத ரத்தம்

ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதிய ஹார்வி, தமனியும் சிரையும் எங்கே சேர்கின்றன என்று பார்க்காமலேயே மறைந்தார். 1661-இல் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் அவருக்குப் பின் வந்த பாரிஸ் மருத்துவர் புவாசேய். 1830-களில் தவளையின் நுண்குழாய்களைப் பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார்: சிவப்பணுக்கள் நடுவில் ஓடின, சுவரையொட்டித் தெளிந்த பிளாஸ்மா மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. அளந்து பார்க்க மெல்லிய கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஆனால் ரத்தம் உறைந்துவிடும். உறையாமல் காக்கும் மருந்து அன்று இல்லை. தண்ணீரைத்தான் ஓடவிட்டார். விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. ரத்தத்துக்காகத் தொடங்கிய தேடல், தண்ணீரின் விதியாக முடிந்தது.

விடுபட்ட பாதி 1931-இல் வந்தது. ஸ்வீடனின் ஃபோரேயஸும் லிண்ட்குவிஸ்டும் ரத்தத்தையே ஓடவிட்டார்கள். 0.3 மில்லிமீட்டரைவிடக் குழாய் குறுகக் குறுக, ரத்தம் இளகியதுபோல் ஓடியது. அணுக்கள் நடுவே ஒதுங்க, ஓரத்துப் பிளாஸ்மா எண்ணெய் போல வழுக்கிவிடுகிறது. தவளையில் புவாசேய் பார்த்த அதே ஓரம்!

இன்று சோடியம் சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் காத்திருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் சிலிகான் ரப்பரில் முடியைவிட மெல்லிய வாய்க்கால்களை வார்க்கிறார்கள். நுண்ணோக்கியில் பொருத்திய அதிவேகக் கேமரா ஒவ்வொரு அணுவையும் தொடர்கிறது. சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகிய வழியில் உடலை வளைத்து நுழைவதைப் பார்த்தால் மனம் நெகிழும்.

வளைய முடியாத அணுக்களும் உண்டு; அரிவாளணு நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் விறைத்துவிடும். 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அரிவாளணு நோயாளிகளின் ரத்தத்தை இத்தகைய வாய்க்காலில் ஓடவிட்டு ஆக்சிஜனைக் குறைத்தார்கள்; ஓட்டம் நின்றது. ஆக்சிஜனைத் திருப்பித் தந்ததும் மீண்டும் ஓடியது. நோயாளி வலியால் துடிக்கும்போது உள்ளே நடக்கும் அடைப்பு அப்படியே கண்முன் தெரிந்தது.

இந்தியாவில் அரிவாளணு முதலில் அறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்த மலையின் மருத்துவமனைகளுக்கும் இந்தச் சிறு வாய்க்கால் வந்து சேர வேண்டும்.